ஆத்தங்குடிக் கல்லும் மோர்பி டைல்ஸும்: நம் வீட்டுத் தரையின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடத்தை விடவில்லை" என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் யார் யார் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

என் பழைய மாணவன் ஒருவன் பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், போடவில்லை. போன வாரம் போனில் இரண்டு விஷயம் கேட்டான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஐவரி கலர் பளபளப்பு டைல்ஸ்தான் ஓடும் என்று நம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து குடோன் நிறைய வாங்கிப் போட்டிருக்கிறான். இப்போது கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஆத்தங்குடி இருக்கா?" என்று கேட்கிறார்களாம். குஜராத் மோர்பியில் அதே பூவை மெஷினில் பிரிண்ட் அடித்து அனுப்புகிறார்கள், விலையும் கட்டுப்படியாகும். "அதை இறக்கி, 'ஆத்தங்குடி டைல்ஸ்'னே போர்டு வெச்சிடட்டுமா டீச்சர்? இந்த ட்ரெண்டாவது நிக்குமா?" என்றான்.

வரலாறு நடத்தியவளிடம் வியாபார யோசனையா என்று முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது வரலாற்றுக் கேள்விதான். வீட்டுக்குள் எது அழகு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? விற்கிறவரா, வாங்குகிறவரா? கப்பலா, சிமெண்டா? அவனுக்குப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் பாட்டிமார் காலத்துத் தரை மண் தரை. சாணத்தைக் கரைத்து மெழுகினார்கள். வாரம் ஒரு முறை, நல்ல நாள் வந்தால் கூட ஒரு முறை. அதில் கடைக்காரருக்கு வேலையே இல்லை. மாடும் பெண்ணும் இருந்தால் போதும். அழகு வாசலில் கோலமாக இருந்தது. வசதி உள்ளவர்கள் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்த்து இடித்த தரை போட்டார்கள். கடுக்காய், வெல்லம் எல்லாம் ஊற வைத்து அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைப்பார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு விஷயம் இல்லை. பழங்காலத்துத் தரை ஆரோக்கியம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு அனுப்பாதீர்கள். மெழுகியவர்களின் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

கடையும் கப்பலும் நம் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது செட்டிநாட்டில்தான். என் அப்பா தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டில் கணக்கு எழுதினார் என்பது உறவுகளுக்குத் தெரியும். சாயங்காலம் அவரைக் கூட்டி வரப் போனால் முகப்பில் உட்கார வைப்பார்கள். அந்தத் தரையின் சில்லிப்புதான் எனக்கு முதல் வரலாற்றுப் பாடம் என்று சொல்லலாம்.

1852-ல் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காடு திருத்தி நெல் போட்ட விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, நகரத்தார் போனார்கள். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று அவர்களுடைய கிட்டங்கிகள் பரவின. அந்தப் பணம் மழை குறைந்த, கண்மாயை நம்பிய இந்தச் சீமையில் ஆயிரக்கணக்கான வீடுகளாக எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரைக்கும் கட்டிய வீடுகள் இவை.

அவர்களுக்கு ஷோரூம் எங்கே இருந்தது? ரங்கூனிலும் பினாங்கிலும்தான். அங்கே வெள்ளைக்காரர் பங்களாவைப் பார்த்தார்கள். பினாங்கில், மலாக்காவில் சீன வியாபாரிகள் கட்டிய வீடுகளையும் பார்த்தார்கள். சுவரில் பதித்த பூ ஓடு அங்கேயும் உண்டு, கானாடுகாத்தானிலும் உண்டு. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே கடல் வழியில் சாமான் வாங்கியவர்கள். ஆகவே 'செட்டிநாட்டு ஸ்டைல்' என்று இன்று விற்பதெல்லாம் இந்த மண்ணில் முளைத்தது என்று நினைக்காதீர்கள். தூண் பர்மா தேக்கு, கண்ணாடி பெல்ஜியம், பளிங்கு இத்தாலி. நடுவில் வானத்தைப் பார்த்த வளவும், ஒரு கட்டுக்குப் பின் ஒரு கட்டாகப் போகும் அமைப்பும் மட்டும் நம்முடையவை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சாமானை வாங்கி, அதைத் தன் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வேண்டிய வீட்டுக்குள் அடக்கத் தெரிந்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

அந்த வீடுகளுக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முகப்பில்தான் பகட்டு. பளிங்கு, பூ ஓடு, கண்ணாடி எல்லாம் வந்தவர் உட்காரும் இடத்தில். உள்ளே போகப் போகத் தரை எளிமையாகும். அடுப்பங்கட்டுக்குப் போனால் கல்தான். விருந்தாளி கண்ணில் படும் இடத்துக்குச் செலவு, பெண்கள் வேலை செய்யும் இடத்துக்குச் சிக்கனம். நூறு வருஷம் கழித்தும் ஃபிளாட்களில் ஹாலுக்கு ஒரு டைல்ஸ், யுட்டிலிட்டிக்கு ஒரு டைல்ஸ் என்று அதே கணக்குதான் நடக்கிறது. அந்த முகப்பைப் பதித்தவர்களில் பலர், வேலை முடிந்த பிறகு அதைத் தாண்டி உள்ளே போக முடியாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இனி ஜப்பான் கதை. என் வகுப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பீங்கான் பளபளப்போடு, பூ புடைத்து நிற்கும் சுவர் ஓடுகளை முதலில் விற்றது இங்கிலாந்து. மஜோலிகா ஓடு என்று பெயர். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. இங்கிலாந்திலிருந்து சரக்கு வருவது தடுமாறியது. அந்த இடத்தில் ஜப்பான் நுழைந்தது. முதலில் ஆங்கிலேயர் போட்ட அதே ரோஜாவையும் டியூலிப்பையும் பார்த்துப் போட்டார்கள், விலை குறைவு. அதோடு நிற்கவில்லை. இந்திய வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்று பார்த்தார்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சில் வீடு வீடாக வந்துவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் அந்தப் படங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு கிருஷ்ணனையும் லட்சுமியையும் ஓட்டில் வார்த்து, இந்தியாவுக்கென்றே அனுப்பினார்கள். அந்தச் சாமி ஓடுகள் செட்டிநாட்டிலும் இருக்கின்றன, வட இந்தியாவிலும் இருக்கின்றன.

கடை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படியுங்கள். ஜப்பான் வியாபாரி நமக்குப் புது ரசனை கற்றுக் கொடுக்கவில்லை. சுவரில் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்தார். தன்னிடம் இருந்த சூளையில் அதைச் செய்தார். அடுத்த போர் வந்ததும் அந்த வரத்தும் நின்றது.

ஆத்தங்குடிக் கல் வேறு வகை. அது சூளைக்கே போகாது. சிமெண்டில் பூ வார்க்கும் இந்த முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கு பிரான்ஸ், ஸ்பெயினின் பார்சிலோனா பக்கம் உருவானது. அங்கிருந்து பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சி போன இடமெல்லாம் போனது. மொராக்கோ, கியூபா, வியட்நாம் என்று எங்கே பார்த்தாலும் இதன் பங்காளிகள் உண்டு. நம் நாட்டில் 1922-ல் பம்பாயில் பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ் கம்பெனியை சித்வா குடும்பத்தார் சுதேசி எண்ணத்தோடு தொடங்கினார்கள். வெளிநாட்டு ஓட்டுக்குச் சமமாக இங்கேயே செய்து காட்டுவது என்பது அவர்கள் நோக்கம். துணியில் மட்டும்தான் சுதேசி என்று பாடப் புத்தகத்தைப் படித்தவர்கள் நினைப்போம். தரையிலும் இருந்தது.

ஆத்தங்குடியில் எப்படிச் செய்கிறார்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு தரம் கூட்டிப் போனேன், சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். உள்ளே பூ வடிவத்தில் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கலர். சிமெண்டும் ஆக்சைடும் கலந்து கூழாகக் கரைத்ததைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெதுவாக மேலே தூக்கினால் கலர்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அந்த ஒரு நொடியில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை உறிஞ்ச விடுவார்கள். அதன் மேல் கனமான சாந்து, மட்டம் தட்டல். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். வெளியே எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மெருகு மெஷின் கிடையாது. மணல் உள்ளூர் மணல். பதித்த பிறகு உமியும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்ப்பார்கள். ஆள் நடக்க நடக்கப் பளபளக்கும். பூட்டிப் போட்ட வீட்டில் மங்கிவிடும்.

இதில் போர்ட்லண்ட் சிமெண்ட் இல்லாவிட்டால் கல்லே இல்லை. இந்தியாவில் 1904-ல் சென்னையில் ஒரு சிமெண்ட் முயற்சி நடந்தது, நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் ஆலை ஒழுங்காக ஓடியது. நம் பக்கம் மதுக்கரை 1934, டால்மியாபுரம் 1939, தாழையூத்து 1949. இந்த மூன்று வருஷங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு அல்ல. உங்கள் தாத்தா வீட்டுச் சிவப்புத் தரை ஏன் அந்தக் காலத்தில் வந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. சிமெண்ட் தூரத்திலிருந்து கப்பலில் வந்தவரை பூத்தரை செல்வந்தருக்கு. பக்கத்து ஜில்லாவில் ஆலை வந்ததும் வாத்தியாரும் குமாஸ்தாவும் சிமெண்ட் தரை போட்டார்கள்.

அந்தச் சிவப்புத் தரையைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன், என் பிள்ளைகளைக் கேளுங்கள். ரெட் ஆக்சைடு என்பது இரும்பின் துரு நிறம்தான். காவி என்றும் சொல்வோம். தளம் போட்டு, அது இறுகுமுன் சிமெண்டும் காவியும் சேர்த்த பூச்சை மேலே இழைத்து, இரும்புக் கரண்டியால் விடாமல் தேய்க்க வேண்டும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும். பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேய்த்த கொத்தனார்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பு அல்லது பச்சைக் கரை. பெரிய அறை என்றால் வெடிக்காமல் இருக்க நூல் பிடித்துக் கோடு போடுவார்கள். அந்தக் கோடே ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் உதவியது.

ஆக்சைடு ஹார்டுவேர் கடையில் பாக்கெட்டில் விற்றது. அதற்கு விளம்பரம் கிடையாது, ஷோரூம் கிடையாது. கொத்தனார்தான் விளம்பரம். அவர் போன மாதம் போட்ட தரையை வீட்டுக்காரர் போய்ப் பார்ப்பார், காலால் தேய்த்துப் பார்ப்பார், சரி என்பார். விவரமான கடைக்காரர் ஒரு வீட்டுக்கு வேண்டிய காவி மொத்தத்தையும் ஒரே சரக்கில் எடுத்துக் கொடுப்பார். அடுத்த சரக்கில் சிவப்பு மாறிவிடும். குறையும் சொல்ல வேண்டும்: வெடித்தால் ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும். புளித்தண்ணீர் கொட்டினால் கறை.

அதன் பிறகு மொசைக் வந்தது. பளிங்குச் சில்லுகளை சிமெண்டில் கலந்து வார்த்த கல். நம் பள்ளிக்கூட ஹாலில் இருந்தது அதுதான். பதித்த பிறகு மெஷின் வைத்துத் தேய்க்கும் சத்தமும், தெருவெல்லாம் ஓடும் அந்தப் பால் போன்ற தண்ணீரும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்கு ஒன்று இரண்டு மொசைக் பட்டறை இருந்தது. அதை மட்டுமே நம்பியவர்கள் 1990-களில் ஷட்டரை இறக்கினார்கள். இப்போது டெராஸோ என்று புதுப் பெயர் வைத்து, பெங்களூரில் அதே சில்லுக்கல்லைத் தேடித் திரிகிறார்கள்.

1991-க்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தவர்கள். முதலில் ராஜஸ்தான் மார்பிள், கிரானைட், பிறகு மோர்பியின் விட்ரிஃபைடு டைல்ஸ். "ஜனங்களுக்கு ரசனை மாறிவிட்டது" என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம் இல்லை. வீடு கட்டும் கணக்கு மாறியது. வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிறவர் ஒரு பக்கம் வாடகை கொடுக்கிறார், மறுபக்கம் தவணை கட்டுகிறார். அவரால் ராத்திரி முழுக்கத் தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டி, மெருகேற்றும் மெஷினுக்குக் காத்திருக்க முடியாது. அடுக்குமாடி கட்டுகிறவருக்கு நாற்பது வீட்டுக்கும் ஒரே கல், ஒரே வாரத்தில் வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸைப் பதித்துத் துடைத்தால் குடிபோகலாம். அவசரம் கொண்டுவந்த தரை அது. பளபளப்பு அதன் கூடவே வந்தது. அதில் வழுக்கி விழுந்த பெரியவர்களை நம் குடும்பத்திலேயே விரல் விட்டு எண்ணலாம்.

இதற்கிடையில் செட்டிநாட்டு வீடுகளுக்கு என்ன ஆயிற்று? 1930 பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தது. 1942-ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. அசாம் வழியாக நடந்தே வந்தவர்கள், வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். 1948-ல் சுதந்திரம் அடைந்த பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கத் தொடங்கியது. ஊரில் நின்ற வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்கப் பணம் இல்லை. நிறைய வீடுகளைப் பிரித்து விற்றார்கள். தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. எனாமல் தூக்குச் சட்டி முதல் ஊஞ்சல் சங்கிலி வரை அங்கே கிடைக்கும். சென்னை, பெங்களூர் ஹோட்டல்காரர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள்.

அந்த வியாபாரத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டு மனம். அந்தக் கடைகள் இல்லாவிட்டால் அந்தத் தேக்கு விறகாகியிருக்கும். ஆனால் அந்தத் தூண்கள் போய்ச் சேர்ந்த ஹோட்டல்களைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் இது அழகு என்று கண்டுகொண்டார்கள் என்பது வேடிக்கை. 1996-ல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சினிமா படப்பிடிப்புகள் வந்தன. பழைய வீடுகள் தங்கும் விடுதிகள் ஆயின. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களின் பெயர் ஏறியது. இதற்குள் ஆளுக்கொரு செல்போன். படத்தில் பூத்தரை போல நன்றாக விழுவது வேறு எதுவும் இல்லை. என் மாணவன் கடைக்கு வருகிறவர் காட்டும் படம் இத்தனை வழி சுற்றி வந்த படம்.

ஒரு வெளிநாட்டுக் கதை மட்டும் சொல்லிவிட்டு அவன் கேள்விக்கு வருகிறேன். ஐக்கியா என்ற ஸ்வீடன் கம்பெனியை 1943-ல் காம்பிராட் என்ற பதினேழு வயதுப் பையன் தொடங்கினார். மரச்சாமான்களைத் தபால் மூலம் விற்றார். போட்டியாளரோடு விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் தரமும் குறைந்து, ஜனங்களுக்கு நம்பிக்கை போனது. அதனால் 1953-ல் எல்ம்ஹுல்ட் என்ற சின்ன ஊரில் சாமான்களைப் பரப்பி வைத்தார்: வாருங்கள், தொட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். 2018-ல் ஐதராபாத்தில் கடை திறந்தபோது கூட்டம் அலைமோதியதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. கண்ணால் பார்க்காத சாமானை யாரும் நம்புவதில்லை.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இது. போர்டில் 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று போடாதே. மோர்பிச் சரக்கை விற்பதில் தப்பே இல்லை. ஜப்பான்காரர் அதைத்தான் செய்தார். பூவுக்கு யாரும் பட்டா வைத்திருக்கவில்லை, அந்தப் பூவே பார்சிலோனா பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஊர்ப் பெயர் வேறு. அந்த ஊரில் இன்றைக்கும் கண்ணாடி மேல் கலர் ஊற்றிக் கொண்டிருக்கிறவர்களின் கூலி அந்தப் பெயரில் இருக்கிறது. 'பூ டிசைன் பிரிண்ட்' என்று எழுது, பில்லிலும் அப்படியே போடு. நாளைக்கு ஒரு மூலை உடைந்து உள்ளே வெள்ளையாகத் தெரியும்போது வாங்கினவர் உன்னிடம்தான் வருவார்.

அசல் கல்லையும் விற்கச் சொன்னேன், குடோனில் அடுக்கி இல்லை. கடையின் வாசலிலேயே பத்துக்குப் பத்து அடிக்கு அசல் ஆத்தங்குடித் தரை போடு. எண்ணெய் தேய். வருகிறவர் போகிறவர் அதன் மேல் நடக்கட்டும். ஒரு வருஷத்தில் அது பேசும் பேச்சை எந்த கேட்லாக்கும் பேசாது. ஆர்டர் வந்தால் முன்பணம் வாங்கிப் பட்டறைக்கு அனுப்பு. கையால் செய்வது, வாரக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல். உன் பணம் அதில் முடங்காது. கூடவே குறைகளையும் உன் வாயாலேயே சொல்லிவிடு. ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. எலுமிச்சை, புளி பட்டால் உடனே துடைக்க வேண்டும். ஒரு கல் போல இன்னொன்று அச்சாக இருக்காது. பழக்கப்பட்ட கொத்தனார்தான் பதிக்க வேண்டும்; அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரைத் தெரிந்து வைத்துக்கொள். காவித் தரையை ஊருக்குள் பரப்பியது கடைக்காரர் அல்ல, கொத்தனார்.

தேங்கிய ஐவரிக்கும் வழி இருக்கிறது. வீடு முழுக்க அசல் பூக்கல் போட எல்லோருக்கும் கட்டாது. பழைய வீட்டுக்காரர்களே முகப்புக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என்றுதான் செய்தார்கள். சாமி அறை, திண்ணை, ஊஞ்சல் போடும் இடம், ஹாலின் நடுவில் ஜமக்காளம் விரித்த மாதிரி ஒரு சதுரம், இங்கெல்லாம் ஆத்தங்குடி; சுற்றிலும் இந்த வெளிர் நிறம். இரண்டையும் சேர்த்தே பதித்துக் காட்டு. ஒரு சிக்கல் உண்டு. விட்ரிஃபைடு கல் ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும், ஆத்தங்குடிக் கல் ஏறக்குறைய அதற்கு இரண்டு மடங்கு. அடியில் சாந்தின் உயரத்தை முதலிலேயே கணக்குப் பண்ணாவிட்டால் கால் தடுக்கும். இதை டிசைன் படம் காட்டுகிறவர் யாரும் சொல்வதில்லை. நீ சொன்னால் உன் கடைக்கு வருவார்கள்.

ட்ரெண்ட் நிற்குமா என்று கேட்டான். நிற்காது என்றேன். பூ போய்க் காவி வந்தது, காவி போய் மொசைக் வந்தது. இப்போதே சிலர் ரெட் ஆக்சைடு கேட்டு வருகிறார்கள் என்று அவனே சொன்னான். அதைப் போடத் தெரிந்த கொத்தனார்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஒருத்தரையாவது பிடித்துப் பையன்களுக்குப் பழக்கிவிடச் சொன்னேன். "யோசிக்கிறேன் டீச்சர்" என்றான். நகையை எப்போது மீட்பான் என்பதைக் கேட்டு நான் சங்கடப்படுத்தவில்லை.

கடைசியாக உறவுகளுக்கு. நம் ஊர் வீட்டுப் பட்டாலைத் தரைமேல் டைல்ஸ் போடுவது பற்றிக் குரூப்பில் பேச்சு நடக்கிறது. தம்பி பிள்ளைகளுக்கு அதில் ஆசை என்பதும் தெரியும். இடிப்பதற்கு முன், ஒரு மூலையில் தவிட்டையும் தேங்காயெண்ணெயையும் போட்டு நான் தேய்த்துக் காட்டுகிறேன், தை மாதம் வரைக்கும் பொறுங்கள். பிறகும் வேண்டாம் என்றால் உங்கள் இஷ்டம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் பழைய வீடு இடிபடும்போது ஒரு ஓடு, ஒரு கல் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். முன்பக்கப் பூவைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பின்பக்கத்தில் செய்த நாடோ கம்பெனி முத்திரையோ இருக்கும். ஜப்பான் ஓட்டில் ஆங்கிலத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்றே இருக்கும். மங்களூர் ஓட்டிலும் அப்படித்தான். பாசல் மிஷன் 1865-ல் ஜெப்புவில் ஆலை தொடங்கியதிலிருந்து பெயர் பொறிக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பின்பக்கத்தைப் படம் எடுத்து, எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். இதுவரை முப்பத்தோரு படம் சேர்ந்திருக்கிறது. அதில் நாலு, ஜமக்காளத்தை விலக்காமல் எடுத்தது.